கரப்பான் உள்ள குழந்தைக்கு வேர்க்கடலையும் முட்டையும் எப்படி ஆரம்பித்தீர்கள்?

வணக்கம் தோழிகளே. பாப்பாவுக்கு அடுத்த வாரம் ஆறு மாதம் முடிகிறது. மூன்றாம் மாதத்திலிருந்தே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். ராத்திரி சொறிந்து சொறிந்து விரிப்பில் ரத்தப் பொட்டு. கையில் சாக்ஸ் மாட்டித்தான் தூங்க வைக்கிறேன்.

வேர்க்கடலை, முட்டை, கத்தரிக்காய் எல்லாம் கரப்பான் பண்டம், ஒரு வயது வரை கண்ணில் காட்டாதே என்கிறார் மாமியார். (கத்தரிக்காயை நானே சாப்பிட்டு மாதக்கணக்காகிறது, அது வேறு கதை.) டாக்டர் சொல்வதோ நேரெதிர். தோல் வெடித்திருந்தால் வீட்டுத் தூசியில் உள்ள கடலைத் துணுக்கு அதன் வழியே போய் அலர்ஜியைக் கிளப்பலாமாம். வாய் வழியாகச் சீக்கிரமே பழக்கினால் உடம்பு ஏற்றுக்கொள்ளுமாம். 2015இல் வெளிவந்த லீப் ஆய்வைச் சொன்னார். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகள். ஒரு வயதுக்கு முன்பே கடலை கொடுக்கப்பட்டவர்களில் ஐந்து வயதில் கடலை அலர்ஜி 3.2 சதவீதம், தவிர்த்தவர்களில் 17.2. இவளுக்குக் கரப்பான் அதிகம் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை. முடிவு வெள்ளிக்கிழமை வரும்.

கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டால் எப்படித் தொடங்குவது? முழுக்கடலை தொண்டையில் சிக்கும், தெரியும். வறுத்து, தோல் நீக்கி, மையாக அரைத்து ராகிக் கூழில் கலந்தீர்களா? வீட்டு மிக்ஸியில் அவ்வளவு நைசாக வருமா? முட்டையை எத்தனை நாள் கழித்துக் கொடுத்தீர்கள்? வாயைச் சுற்றிச் சிவந்தவர்கள் யாராவது உண்டா, டாக்டர் என்ன சொன்னார்? அப்புறம், மாமியாரை எப்படிச் சமாளித்தீர்கள்?