இரண்டு கொரோகொரோக்களை எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி: கவாசாகி அம்மா

என் மகளுக்கு நான்கு வயது. இங்கே ஒரு மழலையர் காப்பகத்துக்குப் போகிறாள். கடையிலும் நகராட்சி அலுவலகத்திலும் என் ஜப்பானிய மொழியை வைத்துச் சமாளித்துவிடுகிறேன். அவளிடம்தான் தடுமாறுகிறேன்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு டாங்கோமுஷி என்றால் உயிர். பூந்தொட்டியை நகர்த்தினால் அடி ஈரத்தில் ஊருமே, அந்தச் சாம்பல் நிறப் பூச்சி. தொட்டால் மிளகு போல உருண்டுகொள்ளும். நேற்று பூங்காவில் அவள் உள்ளங்கையில் ஒன்று உருண்டது. "பார், கொரோகொரோ என்று உருளுகிறது" என்று ஜப்பானிய மொழியில் சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்து, "அம்மா, அது பெரிய பாறைக்குச் சொல்வது" என்று திருத்தினாள்.

வீட்டுக்கு வந்து என் நோட்டைப் புரட்டினேன். கேட்கும் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பது என் வழக்கம். ஒரு பக்கத்தில் "கொரோகொரோ: சிறிய பொருள் உருளுதல்" என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் "கொரோகொரோ: இடி, பூனையின் கழுத்தைத் தடவினால் வரும் உறுமல், சும்மா படுத்துக் கிடத்தல்" என்று இருக்கிறது. இவற்றை எப்படிப் பிரித்தறிவது? இப்படி இன்னும் எத்தனை சொற்களைக் குழப்பிவைத்திருக்கிறேனோ என்று கவலையாக இருக்கிறது.

பதில் 1: கோபே வாசி

கோளாறு உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. பூச்சிக்கு உரியது 'கண்' என்பதில் வரும் க. பாறைக்கும் இடிக்கும் பூனைக்கும் உரியது 'தங்கம்' என்பதில் வரும் க. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் எழுதும்போதே வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஜப்பானியர்களும் ஒரே எழுத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் 'கண்' ஒலியைத் 'தங்கம்' ஒலியாக்க வேண்டுமானால் அதன் வலப்பக்க மேல் மூலையில் இரண்டு சிறு கோடுகள் இடுகிறார்கள். தகுதென் என்று பெயர்.

இந்த இரண்டு கோடுகள்தான் எடை. கோடு இல்லாவிட்டால் சிறியது, இலேசானது, இனிமையானது. கோடு விழுந்தால் பெரியது, கனமானது, சில நேரம் அச்சம் தருவது. கதவை விரலால் தட்டினால் தொன்தொன். பெரிய முரசை அறைந்தால் அதே சொல் கோட்டோடு வரும். நட்சத்திரம் மின்னுவது கிராகிரா. கோடை வெயில் கண்ணைக் கூசவைப்பது கோடு போட்ட கிராகிரா.

இது எனக்கு உறைத்தது ரொக்கோ மலையில். இலையுதிர் காலம், பாதை முழுதும் சருகு. பக்கத்தில் ஏதோ சலசலத்தது. உடன் வந்த ஜப்பானிய நண்பர் "கஸகஸ, பல்லியாக இருக்கும்" என்று நடந்துகொண்டே சொன்னார். சிறிது தூரம் போனதும் புதருக்குள் மறுபடி ஓசை. இந்த முறை என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, அதே சொல்லைக் கோடு போட்ட ஒலியோடு தாழ்ந்த குரலில் சொன்னார். ஒரு காட்டுப்பன்றி வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. சொல்லின் முதல் ஒலியே விலங்கின் உருவத்தைச் சொல்லிவிட்டது!

எல்லாச் சொற்களுக்கும் இப்படி இணை கிடையாது. முயல் குதிப்பது பியோன்பியோன். இப்படிப்பட்டவற்றை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நொரோநொரோ, நொஸொநொஸொ இரண்டும் மெதுவாகப் போவதுதான். முதலாவதில் 'இவ்வளவு மந்தமா' என்ற சலிப்பு உண்டு, இரண்டாவது கரடி போன்ற கனத்த உடம்பின் நடை.

பதில் 2: பழைய ஏடு

மேலே சொன்னதை ஒட்டி ஒன்று. பழைய ஜப்பானிய ஏடுகளிலும் இந்தக் கோடுகள் பெரும்பாலும் இருக்காது. ஹெய்யான் காலக் (8 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை) கதையைச் சொல்லும் ஓககாமி நூலில் ஒரு நாய் குரைக்கிறது. ஏட்டில் இருப்பது 'ஹியோ'. இன்றோ ஜப்பானிய நாய் வன்வன் என்கிறது. ஹியோஹியோ என்பது கோழிக்குஞ்சின் குரல். குஞ்சுக்கு ஹியோகோ என்ற பெயரே அதில் பிறந்ததுதான். நாய் எப்படிக் குஞ்சைப் போலக் கத்தும்? யமாகுச்சி நகமி என்ற மொழியியல் அறிஞர் இதைத் தேடிப் போய், விடுபட்ட கோடுகளைச் சேர்த்து 'பியோ' என்று படிக்க வேண்டும் என்று காட்டினார் (ஹ வரிசை எழுத்தில் கோடு விழுந்தால் 'கம்பம்' என்பதில் வரும் ப ஒலி). 2002இல் வெளியான அவருடைய நூலின் தலைப்பே 'நாய் பியோ என்று குரைத்தது' என்ற பொருளில் அமைந்தது. கியோகென் நாடக மேடையில் நாயாக நடிப்பவர் இன்றும் பியோபியோ என்றுதான் குரைக்கிறார். அம்மா அவர்களே, உங்கள் நோட்டுக்கு நேர்ந்தது அந்த ஏட்டுக்கும் நேர்ந்திருக்கிறது.

பதில் 3: மாலை வகுப்பு ஆசிரியை

என் மாணவர்களுக்கு நான் சொல்வது: இந்தச் சொற்களை 'தொ' என்ற ஒட்டோடு சேர்த்தே படியுங்கள். பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லவும் அதே 'தொ'தான் வரும். நமக்கு 'வருகிறேன் என்றான்' என்பதிலும் 'சட்டென்று குதித்தது' என்பதிலும் ஒரே 'என்று' இருப்பதைப் போல. 'பியோன் தொ' என்றால் 'பியோன் என்று'. தமிழ் அறிந்தவர்களுக்கு இது கையில் கொடுத்த சாவி.

கவாசாகி அம்மா

மூவருக்கும் நன்றி. இன்று காலை நோட்டை எடுத்து, 'தங்கம்' ஒலி வரும் இடங்களில் 'கொ'வின் மேல் சிவப்பு மையால் இரண்டு கோடுகள் போட்டேன். மகள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து இன்னும் படிக்க வராது. அந்தக் கோடுகளை மட்டும் அடையாளம் கண்டுகொண்டு, ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து இடியைப் போல உறுமிக்கொண்டே போனாள்.