புதுப்பிப்பு: லெஃப்ட் ஜாயின் போட்டும் வராத பெயர்கள்

வாழைச்சேனைக் கடற்றொழிலாளர் சங்கமொன்றின் தரவுத்தளத்தில், உறுப்பினர் அட்டவணையைச் சந்தா அட்டவணையோடு எஸ்கியூஎல் வினவலின் லெஃப்ட் ஜாயினால் (பொருந்தும் வரி இல்லாவிட்டாலும் முதல் அட்டவணையின் எல்லா வரிகளையும் தரும் இணைப்பு) இணைத்தும், இந்த ஆண்டு சந்தா கட்டாதவர்கள் வரவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். கடலுக்குப் போக முடியாமல் இருப்பவர்கள் அவர்களில்தான் அதிகம். அந்தப் பெயர்கள் தவறவே கூடாது.

சரி, காரணம் கிடைத்துவிட்டது. ‘இந்த ஆண்டு’ என்ற நிபந்தனை ‘வேர்’ (WHERE) பகுதியில், அதாவது இணைத்த பிறகு வரிகளை வடிகட்டும் இடத்தில், இருந்தது. ஒருமுறையும் கட்டாதவருக்குச் சந்தாப் பக்கம் முழுக்க ‘நல்’ (NULL), அதாவது வெற்று. வெற்றை எந்த ஆண்டோடு ஒப்பிட்டாலும் உண்மை என்று வராது. முந்தைய ஆண்டுகளில் மட்டும் கட்டியவரின் வரியிலும் ஆண்டு பொருந்தாது. ஆகவே இணைப்பில் வந்த வரி பிறகு வடிகட்டப்பட்டுவிடும். பலனில் அது இன்னர் ஜாயின்தான், அதாவது இரண்டு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் தரும் இணைப்பு. நிபந்தனையை, எந்த வரியோடு எந்த வரி இணைய வேண்டும் என்று சொல்லும் ‘ஆன்’ (ON) பகுதிக்கு மாற்றியதும் எல்லோரும் வந்தார்கள்.

அப்புறம், கடன் அட்டவணையையும் சேர்ப்பவர்கள் கவனியுங்கள்: ஒருவருக்கு 3 சந்தா வரி, 2 கடன் வரி என்றால், ஒவ்வொரு சந்தா வரியும் ஒவ்வொரு கடன் வரியோடும் சேர்ந்து 6 வரி வரும், கூட்டுத்தொகை ஊதிவிடும். ஒவ்வொருவரின் சந்தாவையும் கடனையும் தனித்தனியாகக் கூட்டிய பிறகு இணையுங்கள்.