நான்கு மில்லிமீட்டர் முறுக்கு

வீட்டில் விமான இறக்கை கட்டுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் ரிவெட்டைப் பற்றித்தான், அதாவது தகடுகளைச் சேர்த்து அடிக்கும் உலோக ஆணியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சரி, முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். இடது இறக்கையில் முதல் வாரம் அடித்ததில் ஏழு ரிவெட் தேறவில்லை. 3.2 மில்லிமீட்டர் ரிவெட் என்றால், அடித்து முடித்தபின் உள்பக்கத் தலை விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் விட்டத்தில் பாதி உயரமும் இருக்க வேண்டும். அதாவது 4.8 அகலம், 1.6 உயரம். என்னுடையவை ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கிடந்தன. உள்ளே பக்கிங் பார் (ரிவெட்டின் மறுமுனையில் முட்டுக்கொடுக்கும் கனமான இரும்புக்கட்டை) பிடித்திருந்த மனைவியைக் குறை சொன்னேன். "நீங்க ரிவெட் கன்னை நேரா பிடிங்க, நான் இதை நேரா பிடிக்கிறேன்" என்றாள். காதில் அடைப்பான் இருப்பதால் இதற்குமேல் சண்டை போடவும் வழியில்லை. அப்புறம் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: தகட்டில் ஒரு தட்டு என்றால் போதும், இரண்டு என்றால் இன்னும் அடி.

ஏழையும் எடுத்தேன். தலையின் நடுவில் துளைபோட்டு, தலையை மட்டும் உடைத்து, மிச்சத் தண்டைப் பின்னால் தட்டித் தள்ள வேண்டும். ஒன்றில் டிரில் வழுக்கி ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. அங்கே மட்டும் ஓட்டையைப் பெரிதாக்கி, பிசிறு எடுத்து, அடுத்த அளவு ரிவெட் போட்டேன். ரிவெட்டில் செய்த தப்பைத் திருத்த வழி இருக்கிறது.

என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. கீழ்த்தகடு ரிவெட் ஆகிவிட்டது. மேல்தகட்டைக் கிளீக்கோ (ரிவெட் அடிக்கும்வரை ஓட்டைகளில் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் பிடிப்பான்) போட்டு உட்கார வைத்திருந்தோம், மறுநாள் அடிப்பதாகத் திட்டம். பழைய மெக்கானிக் ஒருவர் சும்மா பார்க்க வந்தார். ரிவெட் வரிசையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "தூக்குக்குண்டு இருக்கா தம்பி?" என்றார்.

இறக்கையை முன்விளிம்பு கீழே இருக்கும்படி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தேன். ஸ்பார் என்பது இறக்கையின் நீளவாக்கில் ஓடும் உத்தரம். மேலே இருந்த பின்ஸ்பாரில், உடற்பக்கத்தில் ஒரு நூல், நுனியில் ஒரு நூல் என்று குண்டு கட்டித் தொங்கவிட்டோம். கீழே முதன்மை ஸ்பாருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு இடத்திலும் அளக்கச் சொன்னார். என் இறக்கைக்கு அகலம் முழுக்க ஒன்றுதான், வடிவமைப்பிலேயே முறுக்கு கிடையாது. ஆக இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி அளந்தேன். அதே நான்கு.

ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் வைத்திருந்த மரத்துண்டு எப்போதோ நகர்ந்திருக்கிறது. நான்தான் காலால் இடித்திருப்பேன்.

மேல்தகடு இல்லாதவரை இந்த எலும்புக்கூட்டைக் கையால் பிடித்தே லேசாக முறுக்கலாம். இரண்டு பக்கமும் தகடு ரிவெட் ஆனதும் அது மூடிய பெட்டி. முறுக்கு விசையைத் தாங்குவதே அந்தப் பெட்டிதான், அதனால் எந்தக் கோணத்தில் மூடினோமோ அதே கோணத்தில் நின்றுவிடும். பறக்கும்போது ஒரு பக்கம் தாக்குக்கோணம் (இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம்) கூடி, விமானம் எப்போதும் மறுபக்கம் சாயப் பார்க்கும். 1903 இல் ரைட் சகோதரர்கள் விமானத்தைச் சாய்க்க இறக்கையைத்தான் முறுக்கினார்கள். அவர்களுடையதை வேண்டும்போது நேராக்கிக்கொள்ள முடிந்தது!

கிளீக்கோக்களை எல்லாம் கழற்றினோம். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, மரத்துண்டை எறிந்துவிட்டு, கால்களைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினேன். திரும்ப அளந்தபோது வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மெக்கானிக் தலையாட்டிவிட்டு, "அடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பாதியில ஒரு தடவை" என்று சொல்லிக் கிளம்பினார்.

இப்போது வலது இறக்கை ஸ்டாண்டில் இருக்கிறது. நான் ரிவெட் கன்னைக் கையில் எடுத்தால், "நூல் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் பக்கிங் பாரைத் தொடுகிறாள்.