பலெர்மோவில் நீங்கள் எந்த வட்டாரம்? அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பல்லாரோவாசி:

2001இல் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள இந்தப் பலெர்மோ நகரத்துக்கு வந்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் நான் குடியிருந்த வட்டாரத்தின் எண் அப்போது எனக்குத் தெரியாது. பல்லாரோச் சந்தைக்குப் பின்புறம் வீடு என்றால் நம் ஆட்கள் எல்லோருக்கும் விளங்கிவிடும். சிசிலியக்காரர்களும் அப்படித்தான், கால்சா, காப்போ, அல்பர்கேரியா என்று பெயர் சொல்வார்களே தவிர எண் சொல்ல மாட்டார்கள். நான்கு முனைச் சந்தியான குவாத்ரோ காந்தியில் போய் நின்றால் பழைய நகரத்தின் நான்கு பிரிவுகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு காவல் புனிதை: கிறிஸ்தினா, நின்ஃபா, ஒலிவா, ஆகத்தா. அந்த நான்கும் சேர்ந்ததுதான் இன்றைய முதலாம் வட்டாரம். நகரசபை 1997இல் 25 பகுதிகளைத் தொகுத்து எட்டு வட்டாரங்களாக்கியது. இத்தாலியர் அதைச் ‘சிர்கோஸ்கிரிட்சியோனே’ என்பார்கள்.

2013இல் நோச்சேக்கு வீடு மாறினேன். அது ஐந்தாம் வட்டாரம். வதிவிடப் பதிவை மாற்ற விண்ணப்பம் கொடுத்தேன். இரண்டு வேலை நாளில் பதிந்துவிட்டார்கள். 2012இல் வந்த நடைமுறை அது. வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். ஆனால் அதன் பிறகு 45 நாட்களுக்குள் நகரக் காவலர் வீட்டுக்கு வந்து, நாம் உண்மையில் அங்கே இருக்கிறோமா என்று பார்ப்பார். அவர் வந்த நேரம் நானும் மனைவியும் வேலையில். வாசல் அழைப்புமணியில் எங்கள் பெயர் இல்லை. இத்தாலிய எழுத்தில் 26 எழுத்து வரும் பெயர். சின்னச் சீட்டில் அடங்கவில்லை என்று வீட்டுக்காரரின் பெயரையே விட்டு வைத்திருந்தேன். புதிய பதிவு ரத்தானது. பழைய வீட்டில் நாங்கள் இல்லை என்று பிறகு அந்தப் பதிவையும் நீக்கிவிட்டார்கள். இவை எதுவும் தெரியாமலே நாங்கள் வாழ்ந்துகொண்டிருந்தோம். மகனுக்கு ஒரு சான்றிதழ் எடுக்கப் போனபோதுதான் நகரசபை அலுவலகத்தில் இருந்த அம்மா கணினியைப் பார்த்துவிட்டு, ‘நீங்கள் எந்த வட்டாரத்திலும் இல்லையே’ என்றார். சில மாதங்கள் எட்டு வட்டாரங்களில் ஒன்றிலும் பெயரில்லாத குடும்பமாக இருந்திருக்கிறோம். அந்த வார்த்தையைக் கேட்டபோது கால் தளர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. வீடு மாறுகிறவர்கள் பாத்திரம் பண்டம் ஏற்றுவதற்கு முன்பே மணியில் பெயரை ஒட்டிவிடுங்கள்.

கடற்கரைப் பயணி:

அண்ணா, உங்கள் கதையைப் படித்துவிட்டு முதலில் கீழே இறங்கிப் போய் எங்கள் அழைப்புமணியைத்தான் பார்த்து வந்தேன்.

நான் இருப்பது முதலாம் வட்டாரம், வேலை ஏழாம் வட்டாரம். கடற்கரைப் பகுதியான மொந்தெல்லோவில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் பொலித்தேயாமாவில் 806ஆம் இலக்கப் பேருந்து ஏறுவேன். அந்த இடமும் லிபர்த்தா வீதியும் எட்டாம் வட்டாரம். பெரிய கடைகள், வழக்கறிஞர்களின் பெயர்ப்பலகைகள், மரநிழல். ஃபவோரித்தா பூங்காவைத் தாண்டினால் கடல் தெரியும். எங்கள் சந்தில் காலையில் மீன் கூடையோடு கூவுகிறவரும் மொந்தெல்லோ மாளிகைகளின் தோட்டக்காரரும் ஒரே நகரசபைக்கு வரி கட்டுகிறார்கள் என்பதை நம்ப எனக்கு நெடுநாள் பிடித்தது.

அதைவிட ஒன்று மனதில் தங்கிவிட்டது. அதே ஏழாம் வட்டாரத்தில்தான் ‘ட்சென்’ குடியிருப்பும் இருக்கிறது. வடக்கு விரிவாக்கப் பகுதி என்பதன் சுருக்கம் அது. நகரம் முழுக்க அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மாறும். என்னோடு பேருந்தில் வரும் ஒரு சிசிலியப் பெண் வீடு எங்கே என்று கேட்டால் ‘சான் ஃபிலிப்போ நேரி’ என்பாள். அது புனிதரின் பெயர், அதிகாரபூர்வமான பெயரும் அதுவே. இரண்டும் ஓரிடம் என்று ஓராண்டு கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வேலைக்கு நேர்முகம் போகும்போது பழைய பெயரைச் சொன்னால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று அவளே ஒருநாள் சொன்னாள். முகவரியைச் சொல்லத் தயங்கும் வேதனை நமக்குப் புதிதா? அன்றிலிருந்து நானும் அந்த இடத்தை அவள் சொல்லும் பெயராலேயே சொல்கிறேன்.

இங்கே பிறந்தவள்:

நான் மூன்றாம் வட்டாரம், ஓரேத்தோ ஆற்றுப் பக்கம். அண்ணாவுக்கு ஒரு முக்கியமான செய்தி சொல்ல வேண்டும்.

இத்தாலியில் பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளை பதினெட்டு வயதானதும், பத்தொன்பது ஆவதற்குள், குடியுரிமை வேண்டும் என்று நகரசபையில் அறிவிக்கலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆனால் பிறந்த நாளிலிருந்து இடைவிடாமல் சட்டப்படி இங்கே வதிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்பா நான் குழந்தையாக இருந்தபோது வீடு மாறிய இடைவெளியில் எனக்கும் பதிவு விட்டுப்போயிருந்தது. முதல் நாள் அலுவலகத்தில் முடியாது என்றே சொன்னார்கள். பிறகு ஒரு தொண்டர் சட்ட உதவியாளர்தான் வழி காட்டினார்: பெற்றோரோ அலுவலகமோ விட்ட பிழைக்காகப் பிள்ளையின் உரிமையை மறுக்கக் கூடாது என்று 2013இல் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. பள்ளிச் சான்றிதழ், மருத்துவப் பதிவு போன்றவற்றால் இங்கே இருந்ததை நிரூபிக்கலாம். அம்மா என் தடுப்பூசி அட்டையைச் சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். அதுதான் என்னைக் காப்பாற்றியது.

2022 ஜூன் 12இல் முதல்முறை வாக்களித்தேன். நீதித்துறை பற்றிய ஐந்து பொதுவாக்கெடுப்புத் தாள்கள், மேயருக்கும் நகரசபைக்கும் ஒன்று, வட்டாரத் தலைவருக்கும் சபைக்கும் ஒன்று. அன்று பல வாக்குச்சாவடிகளில் பொறுப்பாளர்களே வராமல் போனதால் நகரமே குழம்பிப்போயிருந்தது. அப்பா என்னோடு வந்து வெளியே நின்றார். பல ஆண்டுகளாக இந்த வட்டாரத்தின் குப்பையும் உடைந்த நடைபாதையும் அவருக்குத்தான் தெரியும். ஆனால் வாக்குரிமைதான் அவருக்கு இல்லை. 2013இல் நகரசபை வெளிநாட்டவருக்கென்று ‘பண்பாடுகளின் ஆலோசனை அவை’யை அமைத்தபோது அதற்கு வாக்களித்தார், இந்த ஊரில் அவர் போட்ட வாக்கு அதுதான். வெளியே வந்ததும் அவர் கேட்டது மேயரைப் பற்றி அல்ல. ‘நம் வட்டாரத்துக்கு யாருக்குப் போட்டாய்?’ என்றார். நடைபாதையைச் சரிசெய்வதாகச் சொன்னவருக்கு என்றேன்.

பல்லாரோவாசி:

தங்கச்சி, மகனுக்கு இந்த நவம்பரில் பதினெட்டு. நீ எழுதியதைப் படித்தவுடன் அலுமாரியைப் புரட்டினோம். தடுப்பூசி அட்டை இருக்கிறது. முதலாம் வகுப்பு அறிக்கையும் இருக்கிறது. இரண்டாம் வகுப்பினதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.