புதுப்பிப்பு: மகளின் தலைவலிக்குக் காரணம் தெரிந்தது

ஐந்து வயது மகளுக்கு அடிக்கடி தலைவலி வருகிறதே, பார்வைக் குறைபாடாக இருக்குமோ என்று முன்பு கேட்டிருந்தேன். அக்கறையுடன் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கண் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. குழந்தைகள் நல மருத்துவர் இதை மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) என்று கண்டறிந்திருக்கிறார்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கமாக வரும் இந்த வலி, சிறு குழந்தைகளுக்கு நெற்றி முழுவதும் பரவிச் சில மணி நேரத்திலேயே அடங்கிவிடக்கூடும் என்பதாலும், வலியை விவரிக்கத் தெரியாத வயதில் விளையாட்டை விட்டு இருட்டறையில் போய்ப் படுப்பதும் வாந்தி எடுப்பதுமே அடையாளங்களாக இருப்பதாலும், பெற்றோரால் இதை எளிதில் ஊகிக்க முடிவதில்லை. குடும்பத்தில் பிறருக்கு இருந்தால் வாய்ப்பு அதிகம். என் மனைவிக்கும் உண்டு. உறக்கக் குறைவும், வேளை தவறிய உணவும், போதிய நீர் அருந்தாமையும் வலியைத் தூண்டக்கூடியவை.

எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கிறோம். மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் ரேய் நோய்க்குறி என்னும் அரிய ஆபத்து இருப்பதால், மருத்துவர் சொன்னாலன்றி 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காலை வாந்தி, தள்ளாடும் நடை, இரட்டைப் பார்வை, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், தயவுசெய்து காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.