கொலோனில் இரண்டு நாள்: முழங்கால் வலியோடு எதைப் பார்ப்பது?

உப்புவெளி அக்கா:
மகள் ஜேர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறாள். ஒக்டோபரில் போகிறேன். சனி, ஞாயிறு கொலோன் பார்க்க ஆசை. பேராலயக் கோபுரத்தில் ஏறலாமா? கோணேசர் கோயில் ஏற்றத்துக்கே, கோட்டைக்குள் மான் பார்க்கிற சாட்டில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குகிற ஆள் நான்.

கொலோன் தம்பி:
அக்கா, வேண்டாம். தெற்குக் கோபுரத்துக்கு 533 படி, லிஃப்ட் இல்லை. வழியில் 24 தொன் மணி ஒன்று இருக்கிறது, 1923இல் வார்த்தது. எனக்கு மணியைவிட அங்கே கால் ஆற நின்றதுதான் சந்தோஷம். கீழேயே பார்க்க நிறைய இருக்கு. 1248இல் தொடங்கி 1880இல்தான் கட்டி முடித்தார்கள். தெற்குப் பக்கம் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் யன்னல், 2007இல் வைத்தது, பதினோராயிரத்துக்கு மேல் கண்ணாடிச் சதுரங்கள். வெயில் நாளில் மத்தியானம் போங்கள். நிலமெல்லாம் நிறம் சிந்திக் கிடக்கும். ரயில் நிலையத்துக்கு வெளியே வந்தால் பேராலயம் முன்னுக்கே நிற்கும், நடையும் மிச்சம்.

மூதூரான்:
ஞாயிறு கடைகள் பூட்டு. சாமான் வாங்குவதைச் சனியே முடியுங்கோ. ஊருக்கு ஓ டி கொலோன் வாசனைத் திரவியம் வாங்காமல் திரும்பினால் மச்சாள்மார் விடமாட்டினம்.

டோர்ட்முண்ட் பிள்ளை:
அன்ரி, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலையும் சேருங்கோ. நீங்கள் நிற்கிற இடத்துக்குக் கிட்ட.

உப்புவெளி அக்கா:
சரி, படி இல்லை. அம்பாளுக்கு வேறொரு நாள். ஓ டி கொலோன் எத்தனை போத்தல் கொண்டுவர விடுவான்கள்?