கொல்லிமலைக்கு காரில் 7 வயதுப் பிள்ளை: வாந்தி மாத்திரை எது, எப்போது?

கேள்வி – பரமத்திவேலு
மகளுக்கு 7 வயது, 21 கிலோ. சமதளத்திலேயே ஒரு மணி நேரம் கார் ஓடினால் குமட்டும். காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறப்போகிறோம். 70 கொண்டை ஊசி வளைவு. வீட்டில் ஆன்டன்செட்ரான் சிரப் இருக்கிறது, அடிவாரத்தில் அதையே கொடுக்கலாமா?

மருந்துக்கடை_சேலம்
அது இதற்குக் கேட்காது. ஆன்டன்செட்ரான் தடுப்பது செரட்டோனின் என்ற வேதிப்பொருளை. வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்குச் சரி. பயண வாந்தி கிளம்புவது உள்காதில். வண்டி திரும்புவது காதுக்குத் தெரிகிறது, முன்சீட்டின் முதுகையே பார்க்கும் கண்ணுக்குத் தெரியவில்லை. இங்கே வேலை செய்வது ஹிஸ்டமின், அசிடைல்கோலின் என்ற வேறு இரண்டு வேதிப்பொருட்கள். அதனால்தான் தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மருந்துகள் பலிக்கின்றன. மூளைக்குள் அதிகம் போகாத புது அலர்ஜி மருந்து செட்டிரிசின் பலிப்பதில்லை.

அவோமின் (புரோமெத்தசின் தியோக்ளேட் 25 மி.கி.) 5–9 வயதுக்கு அரை மாத்திரை, கிளம்ப 1–2 மணி நேரம் முன்பு. எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். 2 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. குளோர்பெனிரமின் (அதுவும் தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்துதான்) கலந்த சளி சிரப் ஓடிக்கொண்டிருந்தால் சேர்க்காதீர்கள், பிள்ளை சுருண்டுவிடும். அடிவாரத்தில் கொடுப்பது வீண்: குமட்ட ஆரம்பித்தால் இரைப்பை மந்தமாகி, மாத்திரை உள்ளேயே கிடக்கும்.

மலைரூட்டு
பின்சீட்டு நடுவில் தோள்பெல்ட் இருந்தால் பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் சீட்) வைத்து அங்கே உட்கார வையுங்கள், கண்ணாடி வழியாக ரோடு தெரியும். முன்சீட்டில் மடியில் வைப்பதை மறந்துவிடுங்கள், ஏர்பேக் இருக்கிறது. செல்போன் கூடாது. காரில் தொங்கும் சென்ட்டைக் கழற்றுங்கள்.

பாதி வாந்தி டிரைவர் கையில்தான். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே முடித்து, தாழ்ந்த கியரில் ஒரே சீராக வெளியே வரணும். வளைவுக்குள் பிரேக் மிதித்து உடனே ஆக்சிலேட்டரை அழுத்தினால் எந்த மாத்திரை போட்டாலும் வாந்தி நிற்காது.

பரமத்திவேலு
நன்றி. வெறும் வயிற்றோடு கூட்டிப்போகலாமா? இஞ்சி மிட்டாய்? ஓட்டும் என் தம்பிக்கும் லேசாகக் குமட்டும்.

மருந்துக்கடை_சேலம்
வெறும் வயிறு வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பூரியும் பாலும் தவிருங்கள். இஞ்சி சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. கொடுத்தால் தப்பில்லை, மாத்திரைக்குப் பதிலாக நம்பாதீர்கள். தம்பிக்கு மாத்திரையே கூடாது, தூக்கம் வரும். ஓட்டுகிறவருக்குக் குமட்டல் பொதுவாகக் குறைவுதான், அடுத்த திருப்பம் அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

மீறி வாந்தி எடுத்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, தலையை அசைக்காமல் கண்மூடிச் சாய விடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஓ.ஆர்.எஸ். ஸ்பூன் ஸ்பூனாக. அன்றே இறங்கினாலும் இன்னொரு அரை மாத்திரை வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்.